ஒளியை அளந்து நிலத்தை அறிதல்

வயலில் நிற்கும் பயிர் பச்சையாக இருக்கிறது என்கிறோம். அந்தப் பச்சை பயிருக்குச் சொந்தமா, வெயிலுக்குச் சொந்தமா என்று கேட்டால் விடை கூறச் சற்றே தயங்குவோம். உண்மையில் வெயிலில் எல்லா நிறங்களும் கலந்தே இருக்கின்றன. இலையானது அவற்றுள் நீலத்தையும் சிவப்பையும் பெரும்பாலும் தனக்கென எடுத்துக்கொண்டு, பச்சையில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அது வேண்டாமென்று விட்டதையே நம் கண் பெறுகின்றது. பெற்றதை வைத்துக்கொண்டு பயிர் பச்சை என்று நாம் பெயரிடுகிறோம். மண்ணும் நீரும் பனியும் மணலும் இவ்வாறே தத்தமக்கு உரியதை வைத்துக்கொண்டு எஞ்சியதைத் திருப்பி அனுப்புகின்றன.

எந்தப் பொருள், எந்த நிற ஒளியை, எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்று அளந்தறிய முடியுமானால், அப்பொருளைத் தொடாமலே, அதன் அருகே செல்லாமலே, அது இன்னது என்று சொல்லிவிடலாம் அல்லவா? தொலை உணர்வு என்று இந்நாளில் வழங்கும் விஞ்ஞானத் துறையின் அடிப்படை இவ்வளவே. எண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் செயற்கைக்கோள் ஒன்று நெல் வயலையும் தரிசு நிலத்தையும் பிரித்தறிவது மாயமன்று. அது ஒளியைக் கணக்கெடுக்கும் வேலையே.

பிறமாநிலங்களில் வாழும் தமிழன்பர்களுக்கு இத்துறை முற்றிலும் அயலானதன்று. அகமதாபாத்தில் விண்வெளிப் பயன்பாட்டு மையம் இருக்கிறது. ஹைதராபாத்தின் பாலாநகரில் தேசியத் தொலை உணர்வு மையம் இருக்கிறது. அதன் நிலையம் ஷாத்நகரில் செயற்கைக்கோள்களின் செய்திகளைப் பெறுகிறது. டேராடூனில் 1966 முதல் இத்துறைக்குப் பயிற்சி அளிக்கும் நிலையம் ஒன்று உண்டு. நாம் அன்றாடம் கடந்து செல்லும் அக்கட்டடங்களுக்குள் நடைபெறும் வேலை யாது என்பதைச் சற்று விளக்குவோம்.

கொடுத்ததும் திரும்பியதும்

ஒரு பரப்பின்மீது விழும் ஒளி நூறு பங்கு என்று கொள்வோம். அதில் திரும்பி வருவது எத்தனை பங்கோ, அதுவே அப்பரப்பின் பிரதிபலிப்பு விகிதம். புதிதாகப் பெய்த பனி நூற்றில் எண்பது முதல் தொண்ணூறு வரை திருப்பிவிடும். ஆகையால் அது கண்ணைக் கூசச் செய்கிறது. தெளிந்த ஆழ்நீர், சூரியன் உச்சியில் இருக்கும்போது, சில பங்குகளையே திருப்புகிறது. முழு நிலவு வெள்ளித் தட்டுப் போல் விளங்கினும், அது திருப்பி அனுப்புவது நூற்றில் ஏறத்தாழ பன்னிரண்டு பங்கே. இருண்ட வானத்தின் நடுவே இருப்பதால் அது வெண்மையாகத் தோன்றுகிறது. கண்ணின் சாட்சி எவ்வளவு நம்பத்தக்கது என்பதற்கு இதுவே ஓர் எடுத்துக்காட்டு.

ஒரு வினா எழலாம்: திரும்பி வந்த ஒளியை மட்டும் அளந்தால் போதாதா? விழுந்ததையும் ஏன் கணக்கில் சேர்க்க வேண்டும்? கொடுத்ததை எழுதாமல் வாங்கியதை மட்டும் எழுதும் கணக்குப் பிள்ளையின் ஏட்டால் பயன் என்ன? காலை ஒன்பது மணி வெயில் வேறு, உச்சிப்பொழுது வெயில் வேறு. சூரியன் தொடுவானத்திலிருந்து முப்பது பாகை உயரத்தில் இருக்கும்போது, சமதளத்தின்மீது விழும் நேரொளி, காற்றின் தடையை ஒதுக்கிப் பார்த்தாலும், உச்சியில் இருக்கும்போது விழுவதில் பாதிதான். இதுவன்றி, ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஜூலைத் தொடக்கத்தில் 15.2 கோடி கிலோமீட்டருக்கு அகன்று விடுகிறது. இதனால் மட்டுமே நமக்கு வரும் சூரிய ஒளி நூற்றில் ஏழு பங்கு வேறுபடுகிறது. விகிதம் பார்த்தால் இவ்வேறுபாடுகள் நீங்கும். பொருளின் இயல்பு மட்டும் எஞ்சி நிற்கும். ஜனவரியில் அளந்த வயலையும் ஜூலையில் அளந்த வயலையும் நேர்மையாக ஒப்பிட வேறு வழியில்லை.

பொருள்களின் ஒளிக் கையொப்பம்

இவ்விகிதத்தை ஒரே ஓர் எண்ணாகக் கூறினால் பயன் குறைவு. நிறந்தோறும் தனித்தனியே அளந்தால்தான் பொருளின் அடையாளம் புலப்படும். ஒளியின் நிறத்தை அதன் அலைநீளத்தால் குறிப்பது விஞ்ஞான வழக்கம். நீலம் ஏறத்தாழ 450 நானோமீட்டர், பச்சை 550, சிவப்பு 650. எழுநூறைத் தாண்டினால் நம் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளி தொடங்குகிறது. வியப்பு என்னவெனில், இலையின் உண்மையான வரலாறு நம் கண் எட்டாத அவ்விடத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

செழிப்பான இலையில் உள்ள பச்சையம் சிவப்பொளியை ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சிவிடுகிறது. நூற்றில் நான்கைந்து பங்கே திரும்பும். ஆயின் 700 நானோமீட்டருக்கு அப்பால் பச்சையத்துக்கு ஒளியில் நாட்டமில்லை. இலையினுள்ளே உயிரணுக்களும் அவற்றிடையே காற்று அறைகளும் அமைந்திருக்கின்றன. அகச்சிவப்பு ஒளி அவற்றில் மோதி மோதிச் சிதறி, நூற்றில் நாற்பது ஐம்பது பங்கு வெளியேறிவிடுகிறது. சிவப்பில் பள்ளமும் அகச்சிவப்பில் மேடுமாக அமைந்த இவ்வடிவம் உயிருள்ள பசுமைக்கே உரியது. வறண்ட மண்ணில் இத்தகைய தாவல் இல்லை. அலைநீளம் கூடக்கூட அதன் பிரதிபலிப்பு மெல்ல மெல்ல உயர்கிறது. நீரோ அகச்சிவப்பை விழுங்கிவிட்டுக் கறுத்துக் கிடக்கிறது. பனி, கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் மேகத்தைப் போன்றே வெளுத்திருக்கும். ஆயின் 1,600 நானோமீட்டர் அளவில் பனி இருண்டும் மேகம் வெளுத்தும் தோன்றுவதால், இமயத்தின் பனிப் பரப்பையும் அதன்மேல் தவழும் மேகத்தையும் பிரித்தறியலாம்.

இவ்வறிவு நம் நாட்டில் முதன்முதலாகப் பயன்பட்ட இடம் தென்னந்தோப்பு. கேரளத்தில் வேர்வாடல் என்னும் நோய் தென்னைகளைப் பற்றி நலிவித்துக்கொண்டிருந்தது. 1970ஆம் ஆண்டில், சர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சி பயின்ற வானிலை அறிஞர் பிஷரோத் இராம பிஷரோட்டியின் தலைமையில், ஹெலிகாப்டரிலிருந்து அத்தோப்புகள் படம் பிடிக்கப்பட்டன. படச்சுருள் சாதாரணமானதன்று, அகச்சிவப்பு ஒளியையும் ஏற்றுப் பதிவு செய்வது. நலமுள்ள மரங்கள் அதில் செக்கச்செவேலென்று விழுந்தன. நோயுற்றவை அவற்றினின்று வேறுபட்டுத் தோன்றின. மரம் மரமாக ஏறிப் பார்க்காமல் தோப்பின் நிலையை வானிலிருந்து அறியும் வழி பிறந்தது. பிஷரோட்டியை இந்தியத் தொலை உணர்வுத் துறையின் தந்தை என்று போற்றுவது இதனாலேயே. 1988ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் விண்ணில் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-1ஏ என்னும் செயற்கைக்கோள், நீலம், பச்சை, சிவப்பு, அகச்சிவப்பு ஆகிய நான்கு பட்டைகளில் நாடு முழுவதையும் படம் பிடிக்கலாயிற்று.

நிலத்தில் நின்று அளக்கும் முறை

வானிலிருந்து அளப்பதைச் சரிபார்க்க, முதலில் நிலத்தில் நின்று அளந்தாக வேண்டும். இதற்கெனக் கையில் எடுத்துச் செல்லும் நிறமாலைமானி உண்டு. அது 350 முதல் 2,500 நானோமீட்டர் வரை ஒளியைப் பகுத்து அளக்கும். அத்துடன் ஒரு வெள்ளைப் பலகையும் செல்லும். பார்ப்பதற்கு எளிய பொருள். ஆயினும் அளவைக்கு அதுவே உரைகல். தோசை ஒட்டாத சட்டியின் பூச்சில் பயன்படும் டெஃப்லான் இனத்துப் பொருளைத் தூளாக்கி, இறுக்கிச் சுட்டு அதனைச் செய்கிறார்கள். கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கை அது திருப்பிவிடும். அதுவும் ஒரு திசையில் மட்டுமன்றி எத்திசையிலிருந்து நோக்கினும் ஒரே பொலிவுடன் விளங்கும்.

ஆராய்ச்சியாளர் முதலில் அப்பலகையை நோக்கிக் கருவியைப் பிடித்து, விழும் வெயில் எவ்வளவு என்று அறிகிறார். பின்னர்ப் பயிரை நோக்குகிறார். மீண்டும் பலகை, மீண்டும் பயிர். பயிரின் அளவைப் பலகையின் அளவால் வகுத்தால் பிரதிபலிப்பு விகிதம் கிடைத்துவிடும். இடையில் ஒரு சிறு மேகம் சூரியனை மறைத்தாலும் கணக்கு கெடும். ஆகையால்தான் பலகையை அடிக்கடி நோக்குவது. சூரியன் உயர்ந்து நிற்கும் பத்து மணி முதல் இரண்டு மணி வரையே தக்க பொழுது. அளப்பவர் கறுத்த உடை அணிவது நன்று. வெள்ளைச் சட்டை தன் ஒளியைப் பயிரின்மேல் வீசிக் கணக்கைக் குழப்பிவிடும். தம் நிழல் அளக்கும் இடத்தில் விழாதவாறும் அவர் நிற்க வேண்டும். இருபத்தைந்து பாகைப் பார்வையுள்ள கருவியை ஒரு மீட்டர் உயரத்தில் பிடித்தால், 44 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம் மட்டுமே அதற்குத் தெரியும். ஒரு வயலின் இயல்பை அறிய அத்தகைய வட்டங்கள் பலவற்றை அளந்து சராசரி காண வேண்டும். உச்சி வெயிலில் சேற்றில் நின்று செய்யும் இவ்வேலை, விண்வெளி விஞ்ஞானம் என்ற பெயருக்கு ஏற்ற பகட்டுடையதன்று. ஆனால் இதுவின்றி அது நில்லாது.

திசையும் ஒரு குணம்

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பிரதிபலிப்பு விகிதம் பொருளுக்குரிய ஒரே எண் அன்று. ஒளி வரும் திசையையும் நோக்கும் திசையையும் ஒட்டி அது மாறுகிறது. கிரிக்கெட் மைதானத்தில் பட்டை பட்டையாக இளம்பச்சையும் கரும்பச்சையும் மாறி மாறித் தோன்றக் கண்டிருப்பீர்கள். அங்கே இருவகைப் புல் இல்லை. புல் வெட்டும் உருளை ஒரு பட்டையில் புல்லை நமக்கு எதிர்ப்புறமாகவும் அடுத்த பட்டையில் நம் பக்கமாகவும் சாய்த்துச் செல்கிறது. அப்பால் சாய்ந்தது வெளிறியும் இப்பால் சாய்ந்தது கறுத்தும் தெரிகின்றன. எதிர்ப்புறத்து இருக்கையில் அமர்ந்தவருக்கோ இது தலைகீழாகத் தோன்றும்.

பயிர் வயலும் அப்படித்தான். சூரியன் நம் முதுகுக்கு நேர்பின்னே இருந்தால், ஒவ்வோர் இலையின் நிழலும் அந்த இலைக்குப் பின்னேயே மறைந்துவிடுகிறது. வயல் முழுவதும் பளிச்சென்று விளங்குகிறது. சூரியனை எதிர்நோக்கிப் பார்த்தால் நிழல்களே மிகுதியாகக் கண்ணில் படும். எல்லாத் திசையிலும் ஒரே பொலிவுடன் விளங்கும் இலட்சியப் பரப்பு எத்தகையது என்று இலாம்பர்ட் என்னும் அறிஞர் 1760ஆம் ஆண்டிலேயே கணித்துக் கூறினார். இயற்கையில் அத்தகைய பரப்பு அரிது. ஆகவே, செயற்கைக்கோள் ஒரு நாள் நேர்கீழாகவும் மறுநாள் சாய்வாகவும் ஒரே வயலை நோக்கினால், பயிர் மாறாமலே அளவு மாறிவிடும். இதனை அறியாதவர் பயிர் வாடிற்று என்றோ செழித்தது என்றோ தவறாக முடிவு கட்டுவர்.

நடுவே நிற்கும் காற்று

செயற்கைக்கோளுக்கும் நிலத்துக்கும் இடையே காற்று மண்டலம் திரையாக நிற்கிறது. சூரியனிலிருந்து கீழே வரும்போது ஒருமுறை, நிலத்திலிருந்து மேலே செல்லும்போது மறுமுறை, ஆக இருமுறை ஒளி அத்திரையைக் கடக்கிறது. காற்றின் மூலக்கூறுகள் சிவப்பைக் காட்டிலும் நீலத்தை மிகுதியாகச் சிதறடிக்கின்றன. வானம் நீலமாக இருப்பதன் காரணம் அதுவே. இவ்வாறு சிதறிய ஒளியில் ஒரு பகுதி நிலத்தைத் தொடாமலே செயற்கைக்கோளின் கண்ணுக்குள் புகுந்துவிடுகிறது. கடலை நோக்கும்போது இந்த இடையூறு மிகப் பெரிது. 1921இல் கப்பற் பயணத்தின்போது கடலின் நீலத்தைக் கண்டு, அது வானத்தின் பிரதிபலிப்பு மட்டுமன்று, நீரின் மூலக்கூறுகள் சிதறும் ஒளியுமாகும் என்று இராமன் ஆராய்ந்து நிறுவினார். அந்த நீரொளியைத்தான் இன்று கடலை நோக்கும் செயற்கைக்கோள்கள் அளக்க முயல்கின்றன. ஆயின், நீலப் பட்டையில் அவற்றை எட்டும் ஒளியில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு காற்று மண்டலத்தினுடையது. அதைக் கழித்த பின்னரே எஞ்சிய ஒரு பங்கில் கடலின் செய்தியைத் தேட வேண்டும்.

நிலத்திலும் தூசும் புகையும் தொல்லை தருவனவே. குளிர்காலத்துக் கங்கைச் சமவெளியை அறிந்தவர்களுக்கு அங்கே படரும் புகைமூட்டத்தை விளக்க வேண்டுவதில்லை. அவ்வேளையில்தான் கோதுமை வளர்கிறது. கான்பூரில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2001 முதல் சூரியனை நேரே நோக்கிக் காற்றின் தூசியளவைக் கணிக்கும் கருவி இயங்கி வந்திருக்கிறது. அத்தகைய அளவுகளைக் கொண்டு காற்றின் பங்கைக் கணக்கிட்டுக் கழிக்கிறார்கள்.

கருவியும் காலப்போக்கில் முதுமை அடையும். விண்ணில் சென்று அதைப் பழுதுபார்க்க ஆளில்லை. எனவே நிலத்திலேயே அதற்கோர் உரைகல் வேண்டும். குஜராத்தின் கட்ச் ரண் உவர்நிலம் இதற்கு ஏற்ற களம். கோடையில் நீர் வற்றியபின் அது பரந்து, சமமாய், வெளுத்துக் கிடக்கிறது. செயற்கைக்கோள் தலைக்குமேல் கடக்கும் வேளையில் விஞ்ஞானிகள் அங்கே நின்று நிலத்தின் பிரதிபலிப்பையும் காற்றின் தூசியையும் நீராவியையும் அளக்கிறார்கள். மேலிருந்து எவ்வளவு ஒளி தெரிய வேண்டும் என்று கணித்து, கருவி சொன்னதோடு ஒப்பிடுகிறார்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் கருவியின் கணக்கைத் திருத்திக்கொள்கிறார்கள். காற்றும் மழையும் இல்லாத நிலவையும் மாறாத உரைகல்லாகக் கொள்ளும் முறையும் உண்டு.

இவ்வளவு நுட்பம் எதற்காக?

இத்துணைத் திருத்தம் ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கைக் காட்டுவோம். 1972இல் அமெரிக்கா ஏவிய இலாண்ட்சாட் செயற்கைக்கோளின் படங்களைக் கொண்டு அந்நாட்டுப் பெருஞ்சமவெளிகளின் புல்வெளிகளை ஆராய்ந்தவர்கள், பசுமையை அளக்க ஓர் எளிய குறியீட்டைப் பயன்படுத்தினார்கள். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். நல்ல பயிர் ஒன்றில் சிவப்பு 4 பங்கு, அகச்சிவப்பு 40 பங்கு திரும்புவதாகக் கொள்வோம். கழித்தால் 36, கூட்டினால் 44, குறியீடு 0.82. இனி, புகைமூட்டம் சிவப்பில் ஆறு பங்கு ஒளியைச் சேர்த்துவிட்டது என்று வைப்போம். சிவப்பு 10, அகச்சிவப்பு 40, கழித்தால் 30, கூட்டினால் 50, குறியீடு 0.60. பயிர் அதே பயிர். விளைச்சலும் அதே விளைச்சல். ஆயினும் ஏட்டில் அது வாடிய பயிராகப் பதிவாகிவிட்டது.

இது ஏட்டளவில் நின்றுவிடும் பிழையன்று. 2016இல் மத்திய வேளாண்மை அமைச்சகம் வெளியிட்ட வறட்சி மேலாண்மைக் கையேடு, மழைக்குறைவுடன் செயற்கைக்கோள் காட்டும் பயிர்நிலைக் குறியீடுகளையும் வறட்சிக்குச் சான்றாகக் கொள்கிறது. டெல்லியில் 2012இல் அமைந்த மகாலனோபிஸ் தேசியப் பயிர் முன்கணிப்பு மையம் இக்குறியீடுகளைக் கொண்டு விளைச்சலை மதிப்பிடுகிறது. பயிர்க் காப்பீட்டிலும் அவை இடம்பெற்றுவருகின்றன. ஆகவே, காற்றைக் கழிப்பதில் நேரும் பிழை, நிவாரணம் பெற வேண்டிய உழவனுக்கு அதை மறுக்கவும் கூடும். வேண்டாத இடத்துக்கு அதை வழங்கவும் கூடும். ஊரில் நிலத்தை விட்டுவிட்டு வெளியூரில் வேலை பார்க்கும் நம்மவர் பலருக்கு இது வீட்டுச் செய்தியே ஆகும்.

வேறொரு வரம்பையும் நினைவில் வைக்க வேண்டும். 2016இல் ஏவப்பட்ட ரிசோர்ஸ்சாட்-2ஏ செயற்கைக்கோளின் பரந்த நோக்குடைய கருவிக்கு, 56 மீட்டர் நீளமும் 56 மீட்டர் அகலமும் கொண்ட நிலம் ஒரே புள்ளி. அஃதாவது ஏறத்தாழ முக்கால் ஏக்கர். நுணுகி நோக்கும் மற்றொரு கருவிக்கு 23.5 மீட்டர்ச் சதுரம், ஏறக்குறைய 13 அல்லது 14 செண்ட். முக்கால் ஏக்கருக்குள் நம் நாட்டில் ஒரு நெல் வயல், அதன் வரப்பில் சில தென்னைகள், ஓரத்தில் ஒரு வாய்க்கால், பக்கத்தில் அடுத்தவரின் தரிசு ஆகிய எல்லாமே அடங்கிவிடலாம். அவற்றின் ஒளியெல்லாம் கலந்தே மேலே செல்கிறது. தனியொருவரின் சிறு வயலைப் பற்றி அக்கலவையிலிருந்து தீர்ப்புக் கூறுவது எளிதன்று. ஒரு வட்டத்தின் நிலையை அறிய அது வல்லது. ஒரு குடும்பத்தின் வயலை அறிய இன்னும் கூரிய நோக்கும், நேரில் சென்று பார்க்கும் மனிதரும் வேண்டும். அதனாலன்றோ, வயலில் ஒரு பகுதியை அறுத்து நிறுத்து விளைச்சல் காணும் பழைய முறை இன்றும் கைவிடப்படாமல் இருக்கிறது!

இம்முறையின் ஆற்றலுக்குப் பூமி எல்லையன்று. 2008இல் நம் நாடு அனுப்பிய சந்திரயான்-1 கலத்தில் அமைந்திருந்த அமெரிக்க நிறமாலைக் கருவி, நிலவின் மேற்பரப்பு திருப்பி அனுப்பிய ஒளியில் 3,000 நானோமீட்டரை ஒட்டி ஒரு குறைவைக் கண்டது. வறண்டது என்று எண்ணப்பட்ட நிலவின் மண்ணில் நீரின் சுவடு உண்டு என்பதற்கு அது சான்றாயிற்று. அச்செய்தி 2009இல் வெளியாயிற்று. ஒருவரும் அங்கே இறங்கித் தோண்டவில்லை. கொடுத்த ஒளியில் எது திரும்பவில்லை என்று பார்த்தார்கள், அவ்வளவே.

நிலம் தன் நலனையும் நலிவையும் ஒளியின் மூலம் இடைவிடாமல் உரைத்துக்கொண்டிருக்கிறது. அம்மொழியைக் கேட்கச் செயற்கைக்கோள் வேண்டும். அதில் காற்று கலந்த இரைச்சலை நீக்கக் கணிதம் வேண்டும். கேட்டது சரிதானா என்று உறுதி செய்யக் கையில் வெள்ளைப் பலகையுடன் வயலில் இறங்கி நிற்கும் மனிதர் வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் உழவனுக்கு நீதி கிட்டாது. செயற்கைக்கோள் சொன்னது என்று எவரேனும் ஒரு முடிவைக் கூறினால், நிலத்தில் இறங்கிச் சரிபார்த்தது யார் என்றும் கேட்டறிவது நம் கடமையாகும்.